மிதித்தவர்களின் பிள்ளைகள்

கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டிருந்த ஜப்பானில், புத்தாண்டு பிறந்ததும் நாகசாகி வட்டாரத்து ஊர்களில் ஒவ்வொரு குடும்பமும் வரிசையில் வந்து நிற்க வேண்டும். தரையில் ஒரு பித்தளைத் தகடு கிடக்கும். அதில் சிலுவையில் தொங்கும் ஆண்டவரின் உருவமோ, குழந்தையை ஏந்திய மாதாவின் உருவமோ புடைப்பாக வார்க்கப்பட்டிருக்கும். பெயரைப் படிக்கப் படிக்க ஒவ்வொருவராக வந்து அதை மிதித்துவிட்டுப் போக வேண்டும். நடக்கத் தெரியாத பிள்ளையைத் தாய் தூக்கி வந்து அதன் பாதத்தைத் தகட்டில் வைத்து எடுப்பாள். மறுத்தவர் கிறிஸ்தவர். கிறிஸ்தவர் என்று தெரிந்தால் சிறை, சித்திரவதை, மரணம்.

1669-ஆம் ஆண்டு இதற்கென்றே 20 தகடுகள் வார்க்கப்பட்டன. அவற்றில் 19 தகடுகள் இன்றும் தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. படங்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. ஓரத்து அலங்காரங்கள் தெளிவாக இருக்க, நடுவிலிருக்கும் முகங்கள் மழுங்கிப்போயிருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக மனிதக் கால்கள் தேய்த்த முகங்கள் அவை.

துன்ப காலத்தில் விசுவாசத்தைக் காப்பது எப்படி என்று மேடையில் பேசும்போதெல்லாம் நாம் வேதசாட்சிகளைப் பற்றியே பேசுகிறோம். அது நியாயம்தான். 1597 பிப்ரவரி 5 அன்று நாகசாகியின் நிஷிசாகா குன்றில் 26 பேர் சிலுவைகளில் அறையப்பட்டார்கள். அவர்களில் 12 வயதுப் பையன் ஒருவன் உண்டு. மும்பைக்கு வடக்கேயுள்ள வசையில் பிறந்த கொன்சாலோ கார்சியாவும் உண்டு. அவர்களுக்குப் பீடம் எழுப்பி வணங்குவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. மறுத்தவர்கள் செத்துப்போனார்கள். அப்படியானால், ஒரு குருவானவர்கூட இல்லாத நாட்டில் அடுத்த இரு நூற்றாண்டுக்கும் மேலாக அந்த விசுவாசத்தைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் யார்? தகட்டை மிதித்துவிட்டு வீட்டுக்குப் போனவர்கள்தான்.

ஜப்பானில் கிறிஸ்தவம் வேரூன்றிய கதை நம் கரைக்கும் சொந்தமானது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவர் ஊர்களில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் செபம் சொல்லிக்கொடுத்த அதே சவேரியார்தான், 1549 ஆகஸ்ட் 15 அன்று ககோஷிமாவில் கரையிறங்கினார். விதைத்தது வேகமாக வளர்ந்தது. 1587-இல் ஆட்சியாளர் ஹிதேயோஷி குருக்களை வெளியேறச் சொன்னார். 1614-இல் தோக்குகாவா அரசு நாடு முழுவதும் கிறிஸ்தவத்தைத் தடைசெய்தது. அப்போது அங்கே மூன்று லட்சம் கிறிஸ்தவர்கள் வரை இருந்ததாகக் கணிக்கிறார்கள். எல்லாக் குடும்பமும் ஏதாவது ஒரு புத்த விகாரையில் பதிய வேண்டும் என்று சட்டம் வந்தது. ஐந்து வீட்டுக்கு ஒரு குழு அமைத்தார்கள். ஒரு வீட்டில் குற்றம் என்றால் ஐந்து வீட்டுக்கும் தண்டனை. காட்டிக்கொடுப்பவருக்கு வெள்ளிக் காசு என்று பலகை நட்டார்கள். 1644-இல் கடைசிக் குருவானவரும் கொல்லப்பட்டார்.

அதன்பிறகு பூசை இல்லை, நற்கருணை இல்லை, பாவசங்கீர்த்தனம் கேட்க ஆள் இல்லை. ஆனால் ஒரு புத்தகம் மிஞ்சியது. மனஸ்தாபத்தைப் பற்றி 1603-இல் வெளியான சிறு நூல் அது. குருவானவர் கிடைக்காத இடத்தில், தண்டனைக்குப் பயந்து அல்லாமல் தேவனை நோகடித்தேனே என்ற அன்பினால் வருந்தினால், வாய்ப்புக் கிடைத்ததும் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்ற உறுதியோடு வருந்தினால், மன்னிப்பு உண்டு என்பது திருச்சபையின் போதனை. நம் பாட்டிமார் உத்தம மனஸ்தாப மந்திரம் என்று சொல்லிக்கொடுத்தார்களே, அதேதான். ஜப்பானிய விவசாயிகளும் மீனவர்களும் அந்த நூலைக் கையால் படியெடுத்தார்கள், மனப்பாடம் செய்தார்கள். தகட்டை மிதித்துவிட்டு வீடு திரும்பியதும் கதவைச் சாத்திக்கொண்டு அந்த மனஸ்தாபச் செபத்தைச் சொன்னார்கள்.

இதைச் சற்று நிதானித்து யோசிக்க வேண்டும். ஒரு மனிதர் வருடத்துக்கு ஒருமுறை தன் ஆண்டவரின் முகத்தில் கால் வைக்கிறார். வீட்டுக்கு வந்து அழுகிறார். அடுத்த வருடமும் மிதிக்கப்போகிறோம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் மன்னிப்புக் கேட்கிறார். தன் பிள்ளையையும் மிதிக்கவைத்து, அதே இரவில் அதே செபத்தை அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறார். இவரைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'நான் மறுதலித்தவன், இனி எனக்கு இதில் என்ன இருக்கிறது' என்று அவர் ஒதுங்கியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். தகுதி போய்விட்டது என்று தெரிந்த பிறகும் அவர் செபத்தை விடவில்லை.

தனி ஆளாக அவர் அதைச் செய்யவில்லை என்பதும் முக்கியம். நாகசாகிக்கு வடக்கேயிருந்த உராகாமி ஊரில் வேலைகளைப் பங்கிட்டு வைத்திருந்தார்கள். ஊர்க் கிறிஸ்தவர்களுக்கு ஒரு தலைவர். திருநாள்களையும் ஒருசந்தி நாள்களையும் கணக்கிட்டு வைப்பது அவர் பொறுப்பு. ஞானஸ்நானம் கொடுக்க ஒருவர். அந்த வார்த்தைகளைப் பிசகாமல் நினைவில் வைத்திருக்க வேண்டும்; எழுதிவைத்தால் ஆபத்து. வீடு வீடாகப் போய் 'இந்த நாள் திருநாள், வேலை செய்யாதே. இந்த நாள் சுத்தபோசனம்' என்று காதோடு சொல்ல இன்னொருவர். புத்த பிக்கு வந்து சாவு வீட்டில் சூத்திரம் ஓதும்போது, அடுத்த அறையில் உட்கார்ந்து தங்கள் செபத்தை முணுமுணுக்க வேறு சிலர்.

முத்துக்குளித்துறையில் சவேரியார் ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளை ஒருவரை நியமித்துவிட்டுப் போனதை நம் பெரியவர்கள் அறிவார்கள். குருவானவர் இல்லாத மாதங்களில் செபம் சொல்லவும், சாகக்கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும் அவரே பொறுப்பு. ஜப்பானில் இந்த ஏற்பாடு அங்கிருந்த பொதுநிலையினர் சபைகளிலிருந்து வளர்ந்தது, நம்மிடமிருந்து போனதல்ல. ஆனாலும் இரண்டு கடற்கரைகளிலும் விசுவாசம் பிழைத்தது ஒரே விதத்தில்தான். யாரோ ஒருவர் 'இந்த வேலை என்னுடையது' என்று எடுத்துக்கொண்டார்.

அந்த வேலைகளிலேயே மிகச் சாதாரணமாகத் தோன்றுவது நாள்கணக்கு. பாஸ்தியான் என்ற ஜப்பானிய உபதேசியார் கொல்லப்படுமுன் ஒரு திருவழிபாட்டு நாள்காட்டியை விட்டுச்சென்றார் என்பது அந்த மக்களின் மரபுச் செய்தி. ஏழு தலைமுறைக்குப் பிறகு பெரிய கப்பலில் குருக்கள் வருவார்கள், வாரந்தோறும் பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்றும் அவர் சொல்லிவைத்தாராம். ஈஸ்டர் நாளோ ஆண்டுதோறும் இடம் மாறுவது. ஊரில் வழங்கியதோ சந்திரனைப் பின்பற்றும் வேறொரு நாள்காட்டி. தவறாமல் கணக்கிட்டுக்கொண்டே வந்தால்தான் தவக்காலம் எப்போது என்று தெரியும். ஒரு தலைவர் சலித்து விட்டிருந்தால் போதும், நூல் அறுந்திருக்கும்.

அறுந்ததா இல்லையா என்பது 1865 மார்ச் 17 அன்று தெரிந்தது. மூடிக்கிடந்த ஜப்பானை வெளிநாட்டவருக்குத் திறந்துவிட்ட பிறகு, அவர்களுக்காக மட்டும் நாகசாகியின் ஓவுராவில் பிரெஞ்சுக் குருக்கள் ஒரு கோயில் கட்டியிருந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை ஆணும் பெண்ணும் சிறுவர்களுமாகப் பத்துப் பதினைந்து பேர் வாசலில் வந்து நின்றார்கள்.  அந்தக் குருக்களில் ஒருவரான பெர்னார் பெத்திஜான் சுவாமியார் முழந்தாளிட்டுச் செபித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் அருகே வந்து, தங்கள் எல்லோருடைய மனமும் அவருடைய மனமும் ஒன்றுதான் என்று மெல்லச் சொன்னார். பிறகு, சாந்தா மரியாவின் சுரூபம் எங்கே என்று கேட்டார். இந்தக் காட்சியை ஜப்பானியக் கத்தோலிக்கர் இன்றும் கொண்டாடுகிறார்கள். என்னை உலுக்கியது அதற்கடுத்து அவர்கள் சொன்னது. இது தங்களுக்குத் துக்க காலம் என்றார்கள். அன்று அதன் 17-ஆம் நாள் என்றார்கள். 1865-இல் விபூதிப் புதன் மார்ச் 1. விரலை விட்டு எண்ணிப் பாருங்கள். உரோமாபுரியோடு இருநூறு ஆண்டுக்கும் மேலாகத் தொடர்பே இல்லாத அந்த மக்கள், ஒரு நாள்கூடப் பிசகவில்லை.

அதோடு கஷ்டம் தீரவில்லை. தைரியம் வந்த உராகாமி மக்கள் 1867-இல் தங்கள் வீட்டுச் சாவுக்குப் புத்த பிக்குவை அழைக்க மறுத்தார்கள். ஜூலை மாதம் ஓர் இரவில் 68 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சிறையில் கைகால்களை முதுகுப்புறம் சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டு அடித்தார்கள். கடைசிவரை பணியாதவர் தகாகி சென்எமோன் என்ற ஒரே மனிதர் என்கிறது வரலாறு. மற்றவர்கள் விசுவாசத்தைக் கைவிட்டதாக ஒப்புக்கொண்டு வீடு திரும்பினார்கள். ஆனால் சில நாளிலேயே அவர்களில் பலர் மனம் பொறுக்காமல் அரசு சார்பிலான ஊர்த் தலைவரிடம் போய், நாங்கள் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். திரும்ப வாங்கினால் அடுத்து என்ன வரும் என்று உடம்பே சொல்லும். அடிபட்ட காயம் ஆறியிருக்காது. சென்எமோனின் உறுதிக்கு முன் நான் தலைகுனிகிறேன். ஆனால் திரும்பிப்போய்க் கதவைத் தட்டியவர்களைப் பற்றி நம் பிரசங்கங்களில் ஏன் கேட்கவே முடியவில்லை?

புதிதாக வந்த மெய்ஜி அரசு ஊரையே காலிசெய்தது. ஏறத்தாழ 3,400 பேரை நாட்டின் பல பகுதிகளுக்கு நாடுகடத்தினார்கள். சுவானோ என்ற ஊருக்குப் போன 153 பேரில் சென்எமோனும் ஒருவர். பனிக்காலத்தில் உறைந்த குளத்தில் ஆடையில்லாமல் தள்ளினார்கள். நிமிர்ந்து நிற்கவும் முடியாத, நீட்டிப் படுக்கவும் முடியாத கூண்டில் அடைத்தார்கள். 1873-இல் தடைப்பலகைகள் அகற்றப்பட்டு அவர்கள் ஊர் திரும்புவதற்குள், எல்லா இடங்களிலுமாக 600 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். ஏறத்தாழ ஆயிரம் பேர் வதை தாங்காமல் மறுதலித்திருந்தார்கள். அவர்களில் பலர் பிறகு திருச்சபைக்குத் திரும்பினார்கள்.

திரும்பிவந்த ஊரில் வீடில்லை, கலப்பையில்லை. அடுத்த ஆண்டே வயிற்றுக்கடுப்பு நோய் பரவியது. இவானாகா மாகி என்ற இளம்பெண், தானும் ஒகயாமாவுக்கு நாடுகடத்தப்பட்டு மீண்டவர், மற்றப் பெண்களோடு சேர்ந்து நோயாளிகளைக் கவனிக்கப் போனார். தாய்தகப்பன் இல்லாமல் போன பிள்ளைகளைக் கொண்டுவந்து வளர்த்தார். ஜப்பானின் முதல் அநாதைப் பிள்ளைகள் இல்லங்களில் ஒன்று அப்படித்தான் தொடங்கியது. சில ஆண்டு கழித்து ஊரார் காசு சேர்த்து ஓர் இடம் வாங்கினார்கள். அது அரசு சார்பிலான பழைய ஊர்த் தலைவரின் வீடு. வருடாவருடம் தகட்டை மிதித்த அதே இடம். அங்கேதான் செங்கல் செங்கல்லாக உராகாமிக் கோயிலைக் கட்டினார்கள். 1914-இல் அது அர்ச்சிக்கப்பட்டது.

அந்தக் கோயிலிலிருந்து சுமார் 500 மீட்டர் தொலைவில்தான் 1945 ஆகஸ்ட் 9 அன்று அணுகுண்டு வெடித்தது. மாதா பரலோகத்துக்கு ஆரோபணமான திருநாளுக்காக உள்ளே குருக்கள் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பங்கின் 12,000 பேரில் சுமார் 8,500 பேர் இறந்தார்கள். கதிரியக்க மருத்துவர் தக்காஷி நாகாய் தன் வீட்டுச் சாம்பலில் மனைவி மிதோரியின் எலும்புகளைப் பொறுக்கினார்; அவற்றோடு உருகிப்போன செபமாலையும் கிடைத்தது. மறைந்து வாழ்ந்த காலத்தில் நாள்கணக்கைக் காத்த கிறிஸ்தவத் தலைவர்களின் பரம்பரையில் பிறந்தவர் மிதோரி. அந்த நவம்பரில் இறந்தோருக்கான பூசையில், உராகாமி தேவனுக்குச் செலுத்தப்பட்ட பலி என்று நாகாய் பேசினார். அப்படிச் சொன்னால்தான் பலருக்கு மூச்சு விட முடிந்தது. வேறு பலருக்கு அது ஆத்திரமூட்டியது; குண்டு போட்டவர்களின் பொறுப்பை அது மறைக்கிறது என்று பிற்காலத்தில் நாகசாகியிலேயே கடுமையாக விமர்சித்தார்கள். நானும் அந்த விமர்சகர்கள் பக்கம்தான். ஆனாலும் நாகாய் அதைத் தன் சொந்தச் சாம்பலின் மேல் நின்று சொன்னார். நாம் அடுத்தவர் வீட்டு இழவில் போய் உட்கார்ந்துகொண்டு 'ஆண்டவர் சித்தம்' என்கிறோம். நாற்பதாம் நாளுக்குள் அந்த வீட்டார் கோயிலுக்கு வராவிட்டால் 'விசுவாசம் போதவில்லை' என்று பேசுகிறோம். வராமல் போனவரின் வீட்டுக்குப் போய், இன்றைக்கு என்ன திருநாள் என்று காதோடு சொல்லும் ஆள் நம் பங்குகளில் எத்தனை பேர்?

தடை நீங்கிய பிறகும் எல்லோரும் கத்தோலிக்கத் திருச்சபையில் சேரவில்லை. ஹிராதோவுக்கு அப்பாலுள்ள இக்கித்சுக்கித் தீவில் பல குடும்பங்கள் தங்கள் முன்னோர் வழியிலேயே தொடர்ந்தன. லத்தீனும் போர்த்துகீசும் ஜப்பானியமும் கலந்த நீண்ட செபங்களை இன்றும் மனப்பாடமாகச் சொல்லும் முதியவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு குழுவாகக் கலைந்துகொண்டு வருகிறது. இப்போது அவர்களைத் துரத்த எந்த அரசும் இல்லை. 2018-இல் நாகசாகி வட்டாரத்து மறைந்த கிறிஸ்தவர்களின் ஊர்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துக் கௌரவிக்கவும் செய்தது. பிள்ளைகள் வேலை தேடி நகரங்களுக்குப் போய்விட்டார்கள். செபத்தை முன்னின்று நடத்துபவர் இறந்தால், அந்தப் பொறுப்பை ஏற்க அடுத்தவர் கிடைப்பதில்லை. நம் மாவட்டங்களின் கிளைக் கிராமங்கள் சிலவற்றிலும் உபதேசியார் வீடு பூட்டிக் கிடக்கிறது.