காற்று கேஜுக்கு யார் முத்திரை குத்துவது?

கடையில் தராசு வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரிந்த விடயம். வருடத்துக்கு ஒருமுறை தராசையும் படிக்கற்களையும் கொண்டுபோய்ச் சோதித்து முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அது நமது கடமை. தவறினால் தண்டப்பணம். ஒரு கிலோ சீனியில் பத்து கிராம் குறைந்தாலும் வாடிக்கையாளர் நம்மை விடமாட்டார். ஆனால் அதே கடைக்குச் சரக்கு ஏற்றிவரும் லொறியில் டயர் காற்றைப் பார்க்கும் கேஜ் சரியானதா என்று நம்மில் எத்தனை பேர் ஒருநாளாவது சோதித்திருக்கிறோம்? நான் சோதித்ததில்லை. 2021 ஆம் ஆண்டு அதற்கான விலையைக் கொடுத்தேன். உண்மையில் முதலில் கொடுத்தவர் எனது சாரதி.

சம்மாந்துறையிலிருந்து கொழும்புக்கு அரிசி ஏற்றுவது எங்களுக்கு வாப்பா காலத்து வியாபாரம். பின்னால் இரட்டை டயர் போட்ட 6 சில்லு லொறி. அன்று 50 கிலோ மூடை 200 ஏற்றியிருந்தோம். அம்பாறை, மகாஓயா எல்லாம் தாண்டி, பதியத்தலாவைக்கும் மகியங்கனைக்கும் இடையில் பின்பக்க உள் டயர் வெடித்தது. மட்காட் கிழிந்து பறந்தது. அதே பாரத்தை ஒற்றை டயரில் சுமந்த வெளி டயரும் கொஞ்ச தூரத்தில் போய்விட்டது. சமதரை என்பதால் லொறியை ஓரங்கட்ட முடிந்தது. இன்னும் ஒரு மணித்தியாலம் ஓடியிருந்தால் பதினெட்டு வளைவில் ஏறிக்கொண்டிருப்பார்கள். அங்கே நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இந்தப் பாதையில் ஓடுகிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

2020 இல் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்திருந்த காலம் அது. கையில் காசிருந்தாலும் விரும்பிய டயர் கிடைக்காது. எனக்கு ஆத்திரம்.

"காத்துப் பார்த்துத்தான் வெளிக்கிட்டன், முதலாளி. நாலும் நூறு காட்டிச்சி" என்றார் சாரதி.

"நூறு இருந்தா ஏன் காக்கா வெடிக்கும்?" என்று கேட்டேன்.

அவரிடம் பதிலில்லை. டயர் கடைக்காரர் வெடித்த டயரை அறுத்துக் காட்டினார். உட்பக்கம் சுற்றிவர வெந்து, இறப்பர் தூளாகக் கொட்டியது. காற்றுக் குறைவாக நெடுந்தூரம் ஓடிய டயருக்கு அதுதான் அடையாளம். எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. காற்றுப் பார்க்காமலே பார்த்ததாகச் சொல்கிறார் என்று முடிவுகட்டி, ஒரு டயரின் விலையை அவரது சம்பளத்தில் மாதாமாதம் வெட்டினேன்.

மூன்றாவது மாதம் பஞ்சர் ஒட்டுவதற்காக லொறி கல்முனையில் ஒரு டயர் கடையில் நின்றது. எங்கள் கேஜ் 100 காட்டிய டயரில் அந்தக் கடைக்காரரின் கேஜ் 78 காட்டியது. இன்னொரு கேஜை எடுத்து வைத்தார். 79. எங்கள் கேஜை வெறுமனே கையில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். டயரில் மாட்டாமலே அதன் முள் 10 ஐத் தாண்டி நின்றது. மேலே போகப்போக அந்தப் பிழை இன்னும் கூடியிருக்கிறது. காற்று அடிப்பது எங்கள் ஆலையின் கொம்பிரசரில், பார்ப்பது இந்தக் கேஜில். ஆகவே பிழையைப் பிடிக்க வேறு வழியே இருக்கவில்லை. அந்தக் கேஜை மலிவாகக் கிடைக்கிறதென்று புறக்கோட்டையில் வாங்கி வந்தவன் நான்தான்.

அதன் பிறகுதான் இந்த விடயத்தைத் தேடிப் படித்தேன். லொறியும் ட்ரெய்லரும் வைத்திருக்கும் சகோதரர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முள் வைத்த வட்டக் கேஜின் உள்ளே இருப்பது வளைந்த தட்டைக் குழாய் ஒன்றுதான். பிரான்ஸ் நாட்டின் இயூஜீன் போர்டோன் 1849 இல் கண்டுபிடித்த முறை. காற்று புகுந்ததும் குழாய் சற்று நிமிரும், அந்த அசைவு சிறு பற்சில்லுகள் வழியாக முள்ளைத் திருப்பும். சீமெந்துத் தரையில் ஒருமுறை விழுந்தாலும், அளவுக்கு மீறிய காற்றை வாங்கினாலும் குழாய் பழைய வளைவுக்குத் திரும்பாது. எங்களுடையதற்கு நடந்தது அதுதான். ஆகவே இப்படியான கேஜை வாங்கினால் இறப்பர் உறை போட்டதை வாங்குங்கள். வாங்கும்போதே முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சில கேஜ்களில் பூச்சியத்தில் ஓர் ஆணி முள்ளைத் தடுத்து நிறுத்தும். குறைவாகக் காட்டும் பழுது இருந்தாலும் முள் பூச்சியத்தில் அழகாக நிற்கும். எனவே பூச்சியத்தில் நிற்பது மட்டும் போதாது.

பேனை போன்ற நீளக் கேஜ்தான் நமது சாரதிமாரிடம் அதிகம். உள்ளே சுருளியும் தள்ளுதண்டும். விழுந்தாலும் எளிதில் கெடாது, விலையும் குறைவு. ஆனால் தூசும் ஈரமும் புகுந்தால் தண்டு இறுகிவிடும், கோடுகளும் நெருக்கமாக இருப்பதால் இரண்டு மூன்று இறாத்தல் வித்தியாசத்தைக் கண்ணால் பிரிப்பது சிரமம். டிஜிட்டல் கேஜ் இரவில் வாசிக்க வசதி. ஆனால் 100.5 என்று புள்ளி வைத்துக் காட்டுவதால் அது துல்லியமானது என்று நினைத்துவிட வேண்டாம். எத்தனை இலக்கம் காட்டுகிறது என்பது வேறு, காட்டுவது எவ்வளவு சரி என்பது வேறு. பற்றரி பலவீனமானால் அதையும் நம்ப முடியாது.

எந்த வகையானாலும் முதலில் பார்க்க வேண்டியது அளவின் உச்சம். கார் கேஜ்கள் பல 60 இறாத்தலுடன் முடிந்துவிடும், லொறிக்கு உதவாது. அதற்காக 300 வரை போகும் கேஜ் இன்னும் நல்லது என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். ஏனென்றால் கேஜின் பிழையை உச்ச அளவில் இத்தனை வீதம் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். 2 வீதம் என்றால் 160 உச்சமுள்ள கேஜில் 3.2 இறாத்தல். 300 உச்சமுள்ளதில் 6 இறாத்தல். இரட்டை டயர்கள் இரண்டுக்கும் இடையில் 5 இறாத்தலுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பது டயர் துறையில் சொல்லப்படும் கணக்கு. அந்தக் கணக்கைவிடக் கூடுதலாகப் பிழைவிடும் கேஜ் எதற்கு? நீங்கள் அடிக்கும் காற்று கேஜின் கால்வாசிக்கும் முக்கால்வாசிக்கும் இடையில் வரவேண்டும். 100, 110 அடிக்கிறவர்களுக்கு 160 உச்சமுள்ளது பொருத்தம். ஐரோப்பிய நியமமான இ.என். 12645 இன்படி செய்தது கிடைத்தால் விலை கூடினாலும் வாங்கலாம். லொறி டயருக்குரிய 4 முதல் 10 பார் வரையான அமுக்கத்தில் அது அனுமதிக்கும் பிழை 0.16 பார், அதாவது 2.3 இறாத்தல் மட்டுமே. கேஜில் பார் மட்டும் குறித்திருந்தால் 100 இறாத்தல் என்பது 6.9 பார், கிலோபாஸ்கலில் 690.

அடுத்தது தலை. இதைப் பலர் கவனிப்பதில்லை. உள் டயரின் வாயில் சில்லின் துளைக்குள் ஒளிந்திருக்கும். முன்னாலும் பின்னாலும் வாய் வைத்த இரட்டைத் தலை, நீண்ட தண்டு, இவை இல்லாத கேஜால் உள் டயரை எட்ட முடியாது. எட்டாவிட்டால் சாரதி என்ன செய்வார்? வெளி டயரைப் பார்த்துவிட்டு உள் டயரைக் கம்பியால் தட்டுவார். வெறுமையான டயரைத் தட்டிக் கண்டுபிடிக்கலாம், நூறையும் எண்பதையும் தட்டிப் பிரிக்க எந்த அனுபவசாலியாலும் முடியாது. அந்த எண்பதுதான் ஆபத்தின் எல்லை. இருக்கவேண்டிய காற்றில் 20 வீதம் குறைந்து ஓடிய டயரைக் காற்றில்லாமல் ஓடிய டயராகவே கருதி, கழற்றிச் சோதிக்க வேண்டும் என்பார்கள். வெளியே நல்லதாகத் தெரியும் அந்த டயர் ரீபில்ட் செய்யவும் உதவாமல் போகலாம். இன்றைய டயர் விலையில் அது எவ்வளவு நட்டம் என்பது உங்களுக்குத் தெரியும்.

ட்ரெய்லர் விடயம் இன்னும் மோசம். துறைமுகத்திலிருந்து கொள்கலன் இழுக்கும் நண்பர் ஒருவர் சொன்னார்: முன்வண்டிக்குச் சாரதி இருக்கிறார், ட்ரெய்லருக்கு யாரும் இல்லை. இன்று ஒருவர் இழுப்பார், நாளை இன்னொருவர். இடையில் வாரக்கணக்கில் யார்டில் நிற்கும். இரண்டு அச்சு ட்ரெய்லரில் 8 டயர். யார் எப்போது பார்த்தது என்று கேட்டால் ஆளை ஆள் காட்டுவார்கள். ஒவ்வொரு சாரதியிடமும் ஒவ்வொரு கேஜ் வேறு. ஒருவரின் 100 மற்றவரின் 92. அவர் இப்போது யார்டிலேயே ஒரே கேஜை வைத்து, ட்ரெய்லர் வெளியே போகுமுன் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார்.

நல்ல கேஜும் தவறான நேரத்தில் பார்த்தால் பயனில்லை. டயர் ஓடிச் சூடாகும்போது 10, 15 இறாத்தல் தானாக ஏறும். மத்தியானம் மகியங்கனையில் 112 காட்டுகிறதென்று காற்றை இறக்கிவிட்டால், ஆறியதும் டயர் குறைந்துதான் நிற்கும். மூன்று மணித்தியாலமாவது நின்ற பிறகு, வெயில் ஏறுமுன் பார்க்க வேண்டும். 100 இறாத்தல் டயரில் 10 பாகை வெப்ப வித்தியாசம் கிட்டத்தட்ட 4 இறாத்தலை மாற்றும். எங்கள் லொறி வெள்ளிக்கிழமை ஓடுவதில்லை. சுபஹுக்குப் பிறகு ஆறு டயரையும் பார்த்துக் கொப்பியில் எழுதிவிடுகிறோம்.

தராசுக்கு முத்திரை குத்துவது போல் கேஜைச் சோதிக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். கொழும்பில் கைத்தொழில் தொழினுட்ப நிறுவனத்தில் அமுக்கமானிகளைச் சோதித்துச் சான்றிதழ் தருகிறார்கள். எல்லாக் கேஜையும் கொண்டு போகத் தேவையில்லை. நல்ல கேஜ் ஒன்றை வாங்கிச் சோதித்து எடுத்து, கடை லாச்சியில் பூட்டி வையுங்கள். அதை லொறியில் ஏற்றவே கூடாது. மாதம் ஒருமுறை சாரதியின் கேஜையும் அதையும் ஒரே டயரில் வைத்துப் பாருங்கள். 60 இல் ஒருமுறை, 80 இல் ஒருமுறை, 100 இல் ஒருமுறை. ஓரிடத்தில் ஒத்துப்போய் இன்னோரிடத்தில் பிசகும் கேஜ்கள் உண்டு. மூன்று இறாத்தலுக்கு மேல் பிசகினால் நான் எறிந்துவிடுகிறேன். திருத்திப் பாவிக்கப் பார்ப்பது வீண்வேலை. பெற்றோல் ஷெட்டில் காற்றுக் குழாயிலுள்ள கேஜை ஒப்பிட்டுப் பார்க்கப் பயன்படுத்த வேண்டாம். நாள் முழுதும் நிலத்தில் விழுந்து எழும்பும் சாமான் அது.

வெட்டிய சம்பளத்தை அடுத்த நாளே சாரதியின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கேஜ் பிழை என்று சொன்னேன். "சரி, முதலாளி" என்றார். எண்ணாமல் சட்டைப் பையில் வைத்தார். அந்த மாத முடிவில் வேறொருவரின் லொறிக்குப் போய்விட்டார். போக வேண்டாம் என்று கேட்க எனக்கு முகமிருக்கவில்லை.

போன மாதம் மகியங்கனையில் தேநீர்க் கடையொன்றின் முன்னால் அவரைக் கண்டேன். சுகம் விசாரித்துவிட்டு, அவரது லொறியின் கேஜைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பழைய பேனைக் கேஜ், தண்டு இறுகியிருந்தது. என்னுடைய லொறியில் இருந்த கேஜைக் கொடுத்துவிட்டு அதை வாங்கி வந்தேன். லாச்சியிலுள்ள கேஜுடன் வைத்துப் பார்த்தபோது 9 இறாத்தல் கூடக் காட்டியது.