கைக்கும் காலுக்கும் இடையே

சேலத்தில் உருவாகும் வெள்ளிக் கொலுசுகள் நாட்டின் பல பகுதிகளுக்கும் செல்கின்றன. அக்கொலுசு தங்கும் இடத்திற்குச் சற்று மேலே பட்டையைச் சுற்றி மருத்துவர் குருதி அழுத்தம் பார்ப்பதும் உண்டு. கையில் பார்த்த பின்னும் காலில் பார்ப்பானேன்?

இதயம் சுருங்கும்போது தமனியில் எழும் உயர் அழுத்தமே நாம் முதலில் சொல்லும் எண். நலமுடன் உள்ள ஒருவர் மல்லாந்து படுத்திருக்கையில், கணுக்காலில் அவ்வெண் கையில் உள்ளதற்குச் சமமாகவோ சற்று மிகுந்தோ இருக்கும். கால் தமனிகளின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகினால் நிலைமை மாறும். மேட்டூர்க் கால்வாயின் நடுவே மண் மேவினால் கடைமடைக்கு நீர் எட்டாதன்றோ? அதுபோலக் கணுக்காலில் அழுத்தம் குறைகிறது.

புகைப்பழக்கமும் நீரிழிவும் இந்நோய்க்கு முதன்மைக் காரணங்கள். நடக்கும்போது கெண்டைக்கால் வலிக்கும், நின்றால் தணியும். நாமக்கல்லிலிருந்து லாரி ஓட்டிச் செல்பவர் நாளெல்லாம் அமர்ந்தே இருப்பதால் அவ்வலியை உணராமலே போகலாம். ஆறாத புண் தோன்றிய பின் வருவோர் சிலர் விரலையோ காலையோ இழக்க நேரிடுகிறது.

அளவிடும் முறையில் பொறுமை வேண்டும். நோயாளி ஐந்து முதல் பத்து நிமிடம் படுத்து ஓய்வெடுக்க வேண்டும். இதயத்தைவிடப் பத்து சென்டிமீட்டர் தாழ்ந்தாலே அழுத்தம் ஏறத்தாழ 7 அல்லது 8 மி.மீ. பாதரச அளவு கூடிவிடும். எனவே காலைத் தொங்கவிட்டு அளந்த எண்ணால் பயனில்லை. கணுக்காலில் ஒலிமானி தெளிவாக உதவாது. கையடக்க டாப்ளர் கருவியைப் பாத மேற்புறத் தமனியிலும் உட்கணுவின் பின்புறத் தமனியிலும் வைத்துக் கேட்பர். பட்டையில் காற்றேற்ற, ஒலி மறையும். மெல்லக் காற்றை விட, ஒலி மீளும் எண்ணே அழுத்தம். அவ்விரண்டில் உயர்ந்ததை, இரு கைகளில் உயர்ந்த எண்ணால் வகுப்பர். கணுக்காலில் 98, கையில் 140 எனில் விகிதம் 0.70. அது 0.90 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் தமனி குறுகியுள்ளது என்பர். நீண்டநாள் நீரிழிவு உடையோர்க்குத் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடுவதால், விகிதம் 1.40-ஐத் தாண்டிப் பொய்யான உயர்வைக் காட்டும். அப்போது கால் பெருவிரலில் அளப்பர்.

பட்டைக்குக் கீழே தமனியின் ஒலியைக் கேட்டு அழுத்தத்தை அறியலாம் என 1905-இல் உலகிற்கு உரைத்தவர் ரஷ்யாவின் நிக்கோலாய் கொரோட்கோவ். போரில் காயமுற்றோரின் குருதிக்குழாய்களை ஆராய்ந்த அறுவை மருத்துவர் அவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

மற்றொரு பிழை இதனினும் கொடியது. சிறுநீரகக் குருதிச் சுத்திகரிப்புக்காகக் கையில் குழாய் இணைப்புச் செய்துகொண்டவர்க்கு அக்கையில் பட்டை கட்டலாகாது. இரு கைகளுமே அவ்வாறாயின் காலில் அளக்க நேரும். அவர் காலில் ஓட்டம் குறைந்திருப்பின், உடலில் 140 இருக்கக் கருவி 98 எனக் காட்டும். அதை நம்பி மருந்தைக் குறைத்தால், உண்மையான உயர் அழுத்தம் மூளையையும் இதயத்தையும் மறைவாகத் தாக்கும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் அழுத்தமானி இன்று வீட்டு வாசலுக்கே வருகிறது. நடந்தால் கால் வலிக்கிறது என்பதை அக்கருவி அறியாது; நோயாளிதான் சொல்ல வேண்டும். தேர்ந்த மருத்துவர் ஏட்டில் எண்ணை மட்டும் எழுதுவதில்லை. வலக்கையா இடக்காலா, அமர்ந்தா படுத்தா என்பதையும் அதனருகே குறிக்கிறார்.