மெக்கானிக் மலையேற வேண்டாம்... கணினி வெட்டு மெஷினை வீட்டிலேயே சரிபார்க்கலாம்!

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒண்டிக்கடை பக்கம் ஒரு மெஷின் நின்றுபோனால், அதைச் சரிசெய்யும் ஆள் பெரும்பாலும் கீழேயிருந்துதான் வர வேண்டும். கூலியோடு போக்குவரத்துச் செலவும் சேரும். அவர் வரும்வரை வேலையும் கிடக்கும். காபிப் பழம் உரிக்கும் பல்பரையும் மருந்து அடிக்கும் ஸ்பிரேயரையும் தாங்களே பிரித்துப் பூட்டிக்கொள்வது மலை விவசாயிகளுக்குப் பழகிய வேலை. கணினி சொன்னபடி மரம் வெட்டும் சிறிய சிஎன்சி மெஷினை வாங்க நினைப்பவர்களும் அதே பழக்கத்தோடு இறங்கினால் மட்டுமே போட்ட பணம் மிஞ்சும். வாங்கிய முதல் மாதத்தில் திரையில் 'அலாரம்' என்று வந்ததும் துணி போட்டு மூடி வைத்துவிடுவதுதான் இந்த மெஷின்களுக்கு நேரும் வழக்கமான முடிவு.

இந்த மெஷின் எதற்கு? மலையில் தேனீ வளர்ப்பவர்களுக்கு நல்ல விடை தெரியும். தென்னிந்தியாவில் நாம் பயன்படுத்தும் நியூட்டன் பெட்டி, திருச்சியில் இருந்த பாதிரியார் நியூட்டன் 1910-களில் உருவாக்கிக் கிராமத்தாருக்குப் பயிற்சி கொடுத்துப் பரப்பியது. அடி அறைச் சட்டத்தின் அளவு 20.6 × 14.4 சென்டிமீட்டர். சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே தேனீ நடமாட ஏறக்குறைய 7 முதல் 9 மில்லிமீட்டர் சந்து வேண்டும். சந்து குறைந்தால் பிசின் வைத்து ஒட்டிவிடும். கூடினால் குறுக்கே அடை கட்டிவிடும். சட்டத்தைத் தூக்கும்போது அடை கிழிந்து தேன் வழியும். ஒரு தச்சர் இந்த மாதம் செய்த சட்டமும் அடுத்த மாதம் செய்த சட்டமும் 2 மில்லிமீட்டர் மாறினாலே இந்தச் சிக்கல் வரும். கணினி மெஷின் நூறாவது சட்டத்தையும் முதல் சட்டத்தின் அளவிலேயே வெட்டும்.

ஆனால், பத்துப் பெட்டிக்காக மட்டும் இதை வாங்குவது வீண். அதற்கு நல்ல தச்சரும் ஒரு அளவுக் கட்டையும் போதும். தேனீப் பெட்டியோடு தங்கும் விடுதிகளுக்குப் பெயர்ப்பலகை, மசாலா விற்கும் மரப்பெட்டி, மசாலா கடைக்கு எழுத்து வெட்டிய பலகை என்று வருஷம் முழுக்க வேலை வரும் வீட்டுக்குத்தான் கணக்கு ஒத்துவரும்.

உள்ளே என்ன இருக்கிறது?

மூன்று திசைகளில் நகர மூன்று ஸ்டெப்பர் மோட்டார்கள், அவற்றை ஓட்டும் டிரைவர் சில்லுகள், கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டில், எல்லாவற்றுக்கும் கட்டளையிடும் ஒரு சிறு போர்டு. இவ்வளவுதான். சின்ன மெஷின்களில் அந்தப் போர்டு பெரும்பாலும் ஆர்டுயினோ யூனோ அல்லது அதன் வகை. அதில் ஓடுவது 'ஜிஆர்பிஎல்' என்ற மென்பொருள். நார்வேயைச் சேர்ந்த சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009-ல் இதை எழுதத் தொடங்கி, மூல நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம் என்று திறந்து வைத்தார். 32 கிலோபைட் நினைவகம் கொண்ட சில்லுக்குள் முழுதும் அடங்கிவிடுகிறது. படத்தை வரைய இங்க்ஸ்கேப், ஃப்ரீகேட். மெஷினுக்கு வரி வரியாகக் கட்டளை அனுப்ப யூனிவர்சல் ஜி-கோடு சென்டர். எதற்கும் உரிமக் கட்டணம் கிடையாது. பழைய லேப்டாப் போதும்.

பெரிய மெஷினுக்கு, குறிப்பாகக் கட்டுப்பாட்டுப் பெட்டி செத்துப்போன பழைய லேத்துக்கு மறுஉயிர் கொடுக்க, 'லினக்ஸ்சிஎன்சி' இருக்கிறது. 1990-களில் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம் உருவாக்கியது. அரசுப் பணத்தில் எழுதியதால் பொதுச் சொத்தாக வெளியே வந்தது. வீட்டுக் கொட்டகைக்கு முதலில் அது தேவையில்லை.

கிராமத்துக்கு இது ஒத்துவருமா என்பவர்கள் புனே மாவட்டத்தின் பாபல் கிராமத்தைப் பார்க்கலாம். டாக்டர் கல்பாக் 1983-ல் தொடங்கிய விஞ்ஞான ஆசிரமம் அங்கே இருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனம் தனக்கு வெளியே அமைத்த முதல் 'ஃபேப் லேப்' பட்டறை 2002-ல் வந்தது அந்தக் கிராமத்துக்குத்தான். கலிஃபோர்னியாவில் உருவான 'ஃபார்ம்பாட்', இதே மூன்று திசை நகர்வை வைத்துக் காய்கறிப் பாத்தியில் விதை போட்டுத் தண்ணீர் ஊற்றுகிறது. அதன் வரைபடங்களும் திறந்தவைதான். நம் கத்திரிப் பாத்திக்கு அது ஆடம்பரம். ஆனால், சிஎன்சி வேலை கற்ற பிள்ளைக்கு அதுவும் புரிந்துவிடும்.

அவசரப்படாமல் பூட்டுங்கள்

முதல் வேலை மட்டம். மெஷினைத் தள்ளாடாத மேசையில் வைத்து, சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் மூலை சரி. கொத்தனார் வீட்டுக்கு மூலை எடுக்கும் 3-4-5 கணக்கும் இங்கே செல்லும். இது கோணலாக இருந்தால் மென்பொருளில் எதை மாற்றினாலும் பெட்டி சதுரமாக வராது.

அடுத்தது நகர்வுக் கணக்கு. சாதாரண ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி. டிரைவர் ஒவ்வொரு படியையும் 16 ஆக உடைத்தால் 3,200. திருகுத் தண்டு ஒரு சுற்றுக்கு 8 மில்லிமீட்டர் தள்ளினால், ஒரு மில்லிமீட்டருக்கு 400 படி. 4 மில்லிமீட்டர் தள்ளும் தண்டு என்றால் 800. மென்பொருளில் $100, $101, $102 என்ற மூன்று வரிகளில் இந்த எண் உட்கார்ந்திருக்கும். மூன்றும் மூன்று திசைக்கு.

சரிபார்க்க, 100 மில்லிமீட்டர் நகரச் சொல்லி ஸ்கேலில் அளக்க வேண்டும். சரியாக 50 அல்லது 200 வந்தால், டிரைவர் அடியில் உள்ள ஜம்பர் தவறு அல்லது தண்டு வேறு வகை. 98, 97, 98.5 என்று ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வந்தால் எண்ணைத் தொடவே கூடாது. எங்கோ வழுக்குகிறது, அதைத்தான் தேட வேண்டும். பலர் இங்கேதான் எண்ணைத் திருத்தித் திருத்தி மெஷினைக் கெடுக்கிறார்கள்.

எல்லாம் சரியானதும் $$ என்று தட்டினால் 34 வரிகள் வரும். அவற்றை ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டை மெஷின் பக்கத்திலேயே ஆணியில் மாட்டிவிட வேண்டும். போர்டு கெட்டு வேறு போர்டு போட்டாலும் அந்த 34 வரியை ஏற்றினால் பழையபடி ஓடும். மூடிய மென்பொருள் வரும் மெஷினில் இந்த வசதி எளிதாகக் கிடைக்காது.

முதல் ஓட்டம் கட்டர் இல்லாமல் காற்றில். இரண்டாவது, கட்டர் இடத்தில் பேனா கட்டிக் காகிதத்தில். மூன்றாவது தெர்மகோலில். மரம் கடைசியில்தான்.

மோட்டார் முனகுகிறது, சுற்றவில்லை!

ஸ்டெப்பர் மோட்டாரில் இரண்டு சுருள், நான்கு வயர். ஜோடி மாறியிருந்தால் நடுங்கி முனகும். மோட்டாரைக் கழற்றிக் கையால் தண்டைச் சுற்றிப் பார்க்கவும், லேசாகச் சுற்றும். இரண்டு வயரின் நுனிகளைச் சேர்த்துப் பிடித்துச் சுற்றவும். திடீரென்று இறுகினால் அவை இரண்டும் ஒரே சுருள். மீட்டர்கூட வேண்டாம். ஒரே எச்சரிக்கை: கரண்ட் ஓடும்போது மோட்டார் வயரைப் பிடுங்கக் கூடாது, டிரைவர் சில்லு அந்த நொடியே போய்விடும்.

சுற்றுகிறது, ஆனால் நடுவில் படி தவறி எழுத்து படிக்கட்டு மாதிரி நகர்ந்துவிடுகிறதா? மோட்டாரையும் திருகுத் தண்டையும் இணைக்கும் கப்ளிங்கின் சிறு திருகை முதலில் பார்க்க வேண்டும். பாதிப் புகாருக்கு மருந்து அந்தத் திருகுதான். அது இறுகியிருந்தால் $110 வரிசையில் உள்ள வேகத்தையும் $120 வரிசையில் உள்ள முடுக்கத்தையும் பாதியாகக் குறைத்துப் பார்க்கவும். அதிலும் தவறினால் டிரைவருக்குப் போகும் மின்னோட்டத்தைச் சிறிது ஏற்றலாம். சில்லைத் தொட்டவுடன் கையை எடுக்கும் அளவுக்குச் சுட்டால், ஏற்றியது அதிகம்.

தொடாமலே அலாரம் அடிக்கிறதே?

'அலாரம் 1' என்றால், நகர்வின் எல்லையில் உள்ள லிமிட் சுவிட்ச் அழுத்தப்பட்டதாக மெஷின் நினைக்கிறது. சுவிட்சை எதுவும் தொடவில்லை என்றால், குற்றவாளி பெரும்பாலும் ஸ்பிண்டில் வயர். ஸ்பிண்டில் மோட்டார் கிளப்பும் மின் இரைச்சல் பக்கத்தில் ஓடும் சுவிட்ச் வயரில் ஏறிவிடுகிறது. சோதனை எளிது: ஸ்பிண்டிலை நிறுத்தி அதே வேலையைக் காற்றில் ஓட்டவும். அலாரம் வரவில்லை என்றால் சந்தேகம் உறுதி. இரண்டு வயரையும் ஒரு சாண் தள்ளிக் கொண்டுபோக வேண்டும். சுவிட்சுக்கு உறை போட்ட வயர் பயன்படுத்தி, உறையை ஒரே முனையில் மட்டும் எர்த்தில் இணைக்கவும். ரிச்சி தெருவில் சில்லறைக்குக் கிடைக்கும் 0.1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்றைச் சுவிட்ச் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் வைத்தால் மீதி இரைச்சலும் பெரும்பாலும் அடங்கும். தொல்லை தாங்காமல் $21-ஐ அணைத்துச் சுவிட்சையே வேலை செய்யாமல் ஆக்குகிறவர்கள் உண்டு. அது அலாரத்துக்குப் பதில் தண்டை வளைக்கும் வழி.

அலாரத்துக்குப் பின் எந்தக் கட்டளை கொடுத்தாலும் 'எரர் 9' வரும். பழுதில்லை, பூட்டு. காரணத்தைச் சரிசெய்த பிறகு $H கொடுத்தால் மெஷின் தன் மூலைக்குப் போய் நிலை அறிந்து திறக்கும். $X கொடுத்தாலும் திறக்கும். ஆனால், தான் எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. 'அலாரம் 9' வந்தால் மூலைக்குப் போகும்போது சுவிட்சைக் கண்டுபிடிக்கவில்லை என்று பொருள். எதிர்த் திசையில் ஓடுகிறதா, சுவிட்ச் வயர் அறுந்ததா என்று பார்க்க வேண்டும்.

மலைக்கே உரிய தொல்லைகள்

நடு வேலையில் கரண்ட் போனால் மெஷின் தன் இடத்தை மறந்துவிடும். 'ஜி54' என்ற பெயரில் சேமித்த பலகையின் தொடக்கப் புள்ளி மட்டும் போர்டில் அழியாமல் இருக்கும். கரண்ட் வந்ததும் $H கொடுத்து மூலைக்கு அனுப்பினால், விட்ட பலகையிலேயே தொடரலாம். 'ஜி92' கட்டளையில் வைத்த புள்ளி போய்விடும். அதனால் தொடக்கத்திலேயே ஜி54 பழக்கத்துக்கு வந்துவிடுவது நல்லது. மூலைச் சுவிட்ச் இல்லாத மெஷின் என்றால், பலகையில் பென்சிலால் போட்ட சிலுவைக் குறிதான் துணை. பலகையை மட்டும் கழற்றிவிடக் கூடாது. இடி மின்னல் நேரத்தில் பிளக்கைப் பிடுங்கிவிடவும். எர்த் இல்லாத பாயிண்டில் இந்த மெஷினை ஓட்டவே வேண்டாம்.

மூடுபனிதான் இன்னொரு எதிரி. திருகுத் தண்டு துருப்பிடித்தால் நகர்வு இறுகிப் படி தவறும். வாரம் ஒருமுறை தூள் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். கிரீஸ் பூசினால் மரத்தூளோடு சேர்ந்து அரைக்கும். எம்டிஎஃப் பலகையில் செய்த மேசை மழைக்காலத்தில் உப்பும். சில மாதத்துக்கு ஒருமுறை மேல்பரப்பை மெஷினைக் கொண்டே சீவி மட்டமாக்கிக்கொள்ள வேண்டும்.

மரமும் அப்படித்தான். காபித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் வெட்டுவதற்கு மென்மையானது. ஆனால், பச்சை மரத்தில் துல்லியமாக வெட்டிய சட்டம் காயும்போது சுருங்கி, மெஷின் கொடுத்த துல்லியம் அத்தனையும் போய்விடும். பலகைகளுக்கு நடுவே குச்சி வைத்து அடுக்கி, மழை படாத காற்றோட்டத்தில் மாதக்கணக்கில் உலர்த்தியதைத்தான் தேனீப் பெட்டிக்கு எடுக்க வேண்டும். பட்டா நிலத்து மரமானாலும், வெட்டும் முன் வனத்துறையிடம் கேட்டுவிடுவது நல்லது. மலைப்பகுதி மரங்களுக்கு 1955-ம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது.

இன்னும் ஒன்று. ஸ்பிண்டில் சுற்றும்போது கையுறை, தொங்கும் துப்பட்டா, அவிழ்ந்த முடி எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. கண்ணாடி கட்டாயம். திரையில் உள்ள 'ஸ்டாப்' பட்டனை நம்பாமல், ஸ்பிண்டிலின் மின்சாரத்தையே வெட்டும் சிவப்புக் காளான் சுவிட்சைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்க வேண்டும். அதை ஒவ்வொரு மாதமும் ஒருமுறை அழுத்தி, உண்மையிலேயே நிற்கிறதா என்று பார்க்கவும்.

கற்றுக்கொள்ள, ஐஐடி பம்பாயின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம் பல திறந்த மென்பொருள்களுக்குத் தமிழிலும் காணொளிப் பாடங்களை இலவசமாகத் தருகிறது. மெஷின் வாங்கும் முன்பே வீட்டுப் பிள்ளைகள் இங்க்ஸ்கேப்பில் ஒரு பெயர்ப்பலகையை வரைந்து பழகிவிடலாம். வாங்கும்போது கடைக்காரரிடம் இரண்டு கேள்வி: போர்டில் ஜிஆர்பிஎல் ஓடுகிறதா, $$ வரிகளைக் காட்டுவீர்களா? தயங்குகிற கடையில் வாங்க வேண்டாம்.