மண்ணுக்குள் உறங்கும் சிவப்புக் கம்பளிப்புழு

மானாவாரி நிலக்கடலைக்குப் பெரும் சேதம் விளைவிப்பது சிவப்புக் கம்பளிப்புழு. கூட்டம் கூட்டமாக இலைகளைத் தின்று, தண்டை மட்டும் விட்டுவைக்கும். ஒரு வயல் முடிந்ததும் அடுத்த வயலுக்கு ஊர்ந்து செல்லும். பிறகு மாதக்கணக்கில் கண்ணில் படாது. அடுத்த ஆண்டு மழை பெய்ததும் திரும்பவும் வந்துவிடும். இடைப்பட்ட காலத்தில் இது எங்கே இருக்கிறது?

பத்து மாத உறக்கம்

நன்கு வளர்ந்த புழு, வரப்பு ஓரங்களிலும் மரத்தடி நிழலிலும் 10 முதல் 20 செ.மீ. ஆழத்தில் மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகிறது. சுமார் பத்து மாதங்கள் இரையின்றி அப்படியே கிடக்கிறது.

பூச்சிகளின் மூளை ஒரு ஹார்மோனைச் சுரந்து, மார்புப் பகுதியிலுள்ள சுரப்பியைத் தூண்டுகிறது. அச்சுரப்பியிலிருந்து 'எக்டைசோன்' என்ற ஹார்மோன் கிடைக்கிறது. புழு தோலுரிப்பதும், கூட்டுப்புழு அந்துப்பூச்சியாவதும் இதனால்தான். 1954-ல் ஜெர்மன் விஞ்ஞானிகள் புட்டெனான்ட், கார்ல்சன் இருவரும் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து பிரித்தெடுத்த எக்டைசோன் வெறும் 25 மில்லிகிராம். அவ்வளவு நுண்ணிய பொருள்தான் பூச்சியை ஆட்டுவிக்கிறது.

அந்துப்பூச்சி இனங்களில் கூட்டுப்புழு உறங்கும்போது, மூளை தன் ஹார்மோனை நிறுத்தி வைக்கிறது. வளர்ச்சி நின்றுவிடுகிறது. உடலில் சேர்ந்த கொழுப்பே உயிரைக் காக்கிறது. காலம் கனிந்து, நல்ல மழையின் ஈரம் மண்ணில் இறங்கியதும் அந்துப்பூச்சிகள் ஏககாலத்தில் திரளாக வெளிவருகின்றன. ஒவ்வொரு பெண் பூச்சியும் பல நூறு முட்டைகளை இலையின் அடியில் குவியலாக இடுகிறது.

எப்போது தாக்கலாம்?

எல்லாம் ஒன்றாக விழிப்பதுதான் பயிருக்கு ஆபத்து. விவசாயிக்கு அதுவே வாய்ப்பு.

1. கோடை மழையில் ஆழ உழ வேண்டும். வெளியே புரளும் கூட்டுப்புழுக்கள் வெயிலில் காயும். காக்கை, மைனா, கொக்கு பொறுக்கித் தின்னும். வரப்பு ஓரத்தையும் மரத்தடியையும் கொத்திவிட வேண்டும்.

2. நல்ல மழை பெய்த அன்றிலிருந்து சில நாட்களுக்கு, இரவு 7 மணி முதல் 11 மணி வரை விளக்குப்பொறி வைக்கவும். விளக்கின் அடியில் மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர்த் தட்டு இருக்கட்டும். அடுத்த மழைக்குப் பின்னும் இவ்வாறே செய்க. முட்டையிடுமுன் விழும் ஒரு தாய்ப்பூச்சியோடு பல நூறு புழுக்கள் ஒழிகின்றன.

3. முட்டைக் குவியல் உள்ள இலைகளையும், இளம் புழுக்கள் கூட்டமாகச் சுரண்டும் இலைகளையும் கிள்ளி அழிக்கவும்.

4. இளம் புழுக்களுக்கு வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். 5 கிலோ பருப்பை இடித்து இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, சிறிது சோப்புக் கரைசல் சேர்க்க வேண்டும். வேம்பிலுள்ள அசாடிராக்டின் புழுவின் ஹார்மோன்களைக் குலைக்கிறது. புழு தோலுரிக்க முடியாமல் மடியும். உடனே சாகாது, பொறுத்திருக்க வேண்டும். வளர்ந்த புழுவுக்கு இது போதாது.

5. வளர்ந்த புழுக்கள் படையெடுத்தால், வயலைச் சுற்றி 30 செ.மீ. ஆழம், 25 செ.மீ. அகலத்தில் செங்குத்தாகக் காவாய் வெட்டி, விழும் புழுக்களைக் கொல்ல வேண்டும்.

ஒருவர் மட்டும் விளக்கு வைத்தால் பக்கத்து வயல் புழு வந்து சேரும். ஊர் விவசாயிகள் கூடி, முதல் மழைக்கு முன்பே விளக்குகளைத் தயாராக வைத்துக்கொண்டால் கடலையைக் காப்பாற்றலாம்.