காரணம் தெரியாமல் வாடும் பவளம்

மீன்கள் சுறுசுறுப்பாக நீந்துகின்றன. தண்ணீர் தெளிவாக இருக்கிறது. வெப்பம், உப்பு, பி.ஹெச். மூன்றும் சரியான அளவையே காட்டுகின்றன. பவளம் மட்டும் நாளுக்கு நாள் சுருங்குகிறது. பகலில் விரிந்து நிற்க வேண்டிய சதை முதலில் விரிய மறுக்கிறது. பிறகு நிறம் வெளிறுகிறது. கடைசியில் அடியிலிருந்து சதை உரிந்து வெள்ளைக் கூடு தெரிகிறது. வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் உலகெங்கும் சந்திக்கும் புதிர் இது. பெரும்பாலும் இதற்கு விடை உண்டு. ஆனால் இன்றைய அளவீட்டில் அது அகப்படாது. மாதக்கணக்கில் தொட்டிக்குள் என்னென்ன போய்ச் சேர்ந்தது என்று பின்னோக்கிப் பார்த்தால்தான் அகப்படும்.

பவளம் செடியோ கல்லோ அல்ல. சொறிமீனுக்கும் கடல் சாமந்திக்கும் உறவான விலங்கு. பாலிப் எனப்படும் சிறு உயிர்கள் கூட்டமாக வாழ்ந்து, கடல்நீரில் உள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துச் சுண்ணாம்புக் கூடு கட்டுகின்றன. அவற்றின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெயிலில் அவை சமைக்கும் உணவுதான் பல பவள இனங்களுக்கு முதன்மை ஆதாரம், பவளத்தின் நிறமும் பெருமளவு அவற்றுடையதே. வெப்பமோ நஞ்சோ தாக்கினால் இந்தக் கூட்டுவாழ்க்கை முறிந்து பாசிகள் வெளியேறுகின்றன. பவளம் வெளுப்பது இப்படித்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பாறை கட்டும் கல் பவளங்கள் அனைத்தும் 2001இல் இந்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உரிய பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. நம் கடலிலிருந்து அவற்றை எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். சட்டம் இடம் கொடுக்கும் வெளிநாடுகளில் வாழும் தமிழர்கள் பண்ணையில் வளர்ந்த பவளத் துண்டுகளை வாங்கி வளர்க்கலாம். இங்கே கடல் மீனும் இறாலும் வளர்ப்பவர்களுக்கும், பவளம் ஏன் அழிகிறது என்று அறிய விரும்பும் எவருக்கும், பவளத் தொட்டி கற்றுத்தரும் பாடம் தேவைப்படும்.

கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் திண்டுக்கல் மாவட்டத்து அய்யலூர் போன்ற ஊரில் அந்தப் பாடம் தண்ணீரில் தொடங்குகிறது. திண்டுக்கல் சமவெளியில் பாறையைத் துளைத்து எடுக்கும் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். குடத்தின் உள்பக்கம் வெள்ளையாகப் படிவதைப் பார்க்காத வீடு குறைவு. கடல்நீர்த் தொட்டியில் தினமும் தண்ணீர் ஆவியாகிறது. ஆவியாவது வெறும் நீர் மட்டும்தான், அதில் கரைந்திருந்தவை எல்லாம் உள்ளேயே தங்கிவிடும். குழம்பு சுண்டச் சுண்டக் கரிப்பதைப் போன்றதுதான் இது. குறைந்த அளவுக்கு நாம் ஊற்றும் புது நீரும் தன் பங்குக்குக் கொஞ்சம் விட்டுவிட்டு ஆவியாகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொட்டி 200 லிட்டர், கோடையில் நாளொன்றுக்கு 4 லிட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊற்றும் நீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் இருக்கிறது. இந்தியக் குடிநீர்த் தர அளவின்படி இது அனுமதிக்கப்பட்ட எல்லைதான். மூன்று மாதத்தில் இப்படிச் சேர்ந்தது எதுவும் வெளியேறாவிட்டால் தொட்டி நீரில் லிட்டருக்கு 81 மில்லிகிராம் கூடியிருக்கும். செம்பையும் இப்படியே பார்க்கலாம். குடிநீருக்கு ஏற்ற அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அந்த நீரையே ஊற்றி வந்தால் மூன்று மாதத்தில் 0.09 மில்லிகிராம் சேரும். கடலில் இயல்பாக இருப்பது இதில் நூறில் ஒரு பங்குகூட இராது. மனிதருக்குத் தீங்கில்லாத நீர் பவளத்துக்கு மெல்லக் கொல்லும் நஞ்சாவது இப்படித்தான். மீன்கள் இதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்வதால் நமக்குச் சந்தேகமே வருவதில்லை.

ஆகவே முதலில் விசாரிக்க வேண்டியது ஊற்றும் நீரை. ஆர்.ஓ. நீர்தானே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. வீட்டு ஆர்.ஓ. கருவிகள் பலவற்றில் சுவைக்காகத் தாது உப்பைத் திரும்பச் சேர்க்கும் ஏற்பாடு உண்டு. உடல்நலத்துக்கு நல்லதென்று செம்பைக் கலந்து தரும் கருவிகளும் கடைகளில் கிடைக்கின்றன. அந்த நீரும், செம்புக் குடத்தில் பிடித்து வைத்த நீரும் தொட்டிக்கு ஆகவே ஆகாது. ஆர்.ஓ.வுக்குப் பிறகு அயனி நீக்கும் பிசின் வழியாகவும் வடிகட்டி, டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்டும் நீரைத்தான் ஊற்ற வேண்டும்.

செம்புக்கு இன்னொரு வழியும் உண்டு. மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் மயில்துத்தம் சேர்ந்த மருந்தை ஊற்றுகிறார்கள். மீன் பிழைத்துவிடும். ஆனால் மருந்திலிருந்த செம்பைத் தொட்டியின் கல்லும் மணலும் உறிஞ்சி வைத்துக்கொண்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளிவிடும். துருப்பிடித்த பம்புக் காந்தம், விரிசல் விட்ட ஹீட்டர், இரும்புக் கவ்வி ஆகியவற்றையும் கழற்றிப் பார்க்க வேண்டும். கொசுவிரட்டி மருந்துகள் பலவற்றில் உள்ள பைரெத்ராய்டு வகை வேதிப்பொருள் இறாலுக்கும் நண்டுக்கும் கடும் நஞ்சு. காற்றுப் பம்பு அறைக்காற்றை நேரே தண்ணீருக்குள் செலுத்துவதால் தொட்டி இருக்கும் அறையில் கொசுவிரட்டியை ஏற்றவே கூடாது.

அடுத்தது ஏற்ற இறக்கம். உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு, வெப்பம் 24 முதல் 27 பாகை, கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம், காரத்தன்மை 7 முதல் 11 டி.கே.ஹெச். என்று அளவுகள் சொல்லப்படுகின்றன. இவற்றுக்குள் ஓர் இடத்தில் நிலையாக நிற்பது, மிகச் சரியான எண்ணைத் துரத்துவதைவிட முக்கியம். காரத்தன்மை காலையில் 8, இரவில் 10 என்று ஊசலாடினால் இரண்டு அளவுமே சரியாக இருந்தும் பவளம் தளரும். நம் ஊர்க் கோடையில் அறையின் வெப்பத்தோடு விளக்கின் சூடும் பம்பின் சூடும் சேர்கின்றன. மின்விசிறி வைத்தால் நீர் குளிரும், ஆனால் ஆவியாவது கூடும். மேலே போட்ட கணக்கு அப்போது இன்னும் வேகமாக ஏறும்.

நீரில் குற்றம் இல்லையென்றால் அக்கம்பக்கத்தைப் பார்க்க வேண்டும். சில பவளங்கள் இரவில் நீண்ட கொட்டும் இழைகளை வீசிப் பக்கத்துப் பவளத்தைத் தாக்கும். மென்பவளங்கள் சில நீரில் நஞ்சைக் கசியவிடும். செயலூட்டிய கரி அதை ஈர்த்துக்கொள்ளும். பவளத்தைத் தின்னும் தட்டைப்புழுக்கள் பவளத்தின் நிறத்திலேயே ஒட்டியிருக்கும். விளக்கணைந்த பிறகு கைவிளக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியுமாகப் பார்த்தால்தான் பிடிபடும்.

குழப்பத்தைத் தீர்க்க நல்ல சோதனை ஒன்று உண்டு. வாடும் பவளத்திலிருந்து ஒரு துண்டை நலமான வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். முதலில் புழு இருக்கிறதா என்று பார்த்துத் தனித்து வைத்த பிறகே மாற்ற வேண்டும். அங்கே தேறினால் பெரும்பாலும் பழைய தொட்டியின் நீரிலோ சூழலிலோதான் குற்றம். அங்கும் வாடினால் நோய் பவளத்திலேயே இருக்கக்கூடும். எதைத் திருத்தினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் திருத்தி, இரண்டு மூன்று வாரம் பொறுத்து, தேதியோடு குறித்து வைக்க வேண்டும். பதற்றத்தில் ஐந்தை ஒன்றாக மாற்றினால் பவளம் பிழைத்தாலும் காரணம் தெரியாமலே போய்விடும்.

கடலிலும் இதே விசாரணைதான் நடக்கிறது. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் வளர்ந்த மன்னார் வளைகுடாப் பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே முன்பு சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டினார்கள். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கோடைக் கடல்நீர் அளவுமீறிச் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. குருசடைத் தீவில் காப்பாஃபைகஸ் என்னும் அயல்நாட்டுக் கடற்பாசி உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்து மூடியது. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தினர் ஆண்டுக்கணக்கில் மூழ்கிப் பார்த்துப் பதிவு செய்து வருவதால்தான் எந்த இழப்புக்கு எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடிகிறது. செயற்கைத் தளங்களில் பவளத் துண்டுகளைக் கட்டி மீண்டும் வளர்க்கும் வேலையும் அதே அறிவிலிருந்து பிறந்ததே.

தொட்டி நீர் கெட்டால் கொட்டிவிட்டு வேறு நீர் நிரப்பலாம், மன்னார் வளைகுடாவில் அதற்கு வழியில்லை. கடற்கரைக்குச் சுற்றுலா போகும்போது காய்ந்த பவளத் துண்டையும் வாங்காதீர்கள். மீன் கடையில் உயிருள்ள கல் பவளத்தைக் காட்டினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வாங்க ஆள் இல்லாவிட்டால் அதைப் பெயர்த்தெடுக்கவும் ஆள் போகாது.