மின்கம்பி வழியே செல்லும் செய்தி



வீட்டில் விசையைத் தட்டுகிறோம்; விளக்கு எரிகிறது. அந்த நொடியிலேயே எங்கோ ஒரு மின்னாக்க நிலையம் அவ்வளவு மின்சாரத்தைக் கூடுதலாகத் தந்தாக வேண்டும். நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பதுபோல மின்சாரத்தைப் பேரளவில் சேர்த்து வைத்தல் இன்றும் எளிதன்று. ஆக்கமும் செலவும் கணந்தோறும் ஒத்திருக்க வேண்டும். அதற்கு அடையாளம் அதிர்வெண்; நம் நாட்டில் அது நொடிக்கு 50 சுற்று. செலவு மிகுந்தால் எண் இறங்கும். ஆக்கம் மிகுந்தால் ஏறும். 2013 டிசம்பர் 31 ஆம் நாள் ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்தடம் இணைந்தபின், வடக்கும் தெற்கும் ஒரே அதிர்வெண்ணில் இயங்குகின்றன.

இத்துணைப் பெரிய உடலுக்கு நரம்பு வேண்டாமா? அந்நரம்பே செய்தித் தொடர்பு வலை.

துணை மின்நிலையத்தைக் கடந்து செல்லும்போது, உயரழுத்தக் கம்பி உள்ளே நுழையும் இடத்தில் பீப்பாய் போன்ற சுருளொன்று தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மின்சாரம் செல்லும் அதே கம்பியில், நொடிக்குப் பல்லாயிரம் முதல் சில லட்சம் வரை அதிர்கின்ற வேறோர் அலையையும் ஏற்றிப் பேச்சையும் குறிப்பையும் அனுப்புவது பழைய முறை. 50 சுற்று மின்சாரத்தை அச்சுருள் தடையின்றி விட்டுவிடும். செய்தி அலையை மட்டும் நிலையத்துக்குள் சிதறவிடாது தடுக்கும். தடத்தின் ஒரு முனையில் பழுதென்றால், மறுமுனைக்கும் உடனே கம்பியைத் துண்டிக்கும்படி ஆணை பறக்கும். கண் இமைக்கும் நேரம்கூட இதற்கு மிகுதி!

இப்பொழுது கோபுரங்களின் உச்சியில் செல்லும் எர்த் கம்பிக்குள்ளேயே மயிரிழை போன்ற கண்ணாடி இழைகளை வைத்துவிடுகின்றனர். அவற்றில் ஒளி ஓடுகிறது. இடி மின்னலுக்கு அது கலங்குவதில்லை. அளவுக் கருவிகள் காட்டுவன சில நொடிகளுக்கு ஒருமுறை சென்னையிலுள்ள கட்டுப்பாட்டு நிலையத்துக்கும், பெங்களூரிலுள்ள தென்மண்டல நிலையத்துக்கும் போய்ச் சேருகின்றன.

செய்தி நின்றுபோனால் என்ன ஆகும்? அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 2003 ஆகஸ்ட் 14 ஆம் நாள் அது நிகழ்ந்தது. பிற்பகல் 2 மணியைத் தாண்டிச் சிறிது நேரத்தில், ஒரு மின்நிறுவனத்தின் கணிப்பொறியில் எச்சரிக்கை தரும் பகுதி ஓசையின்றிச் செயலற்றது. அது நின்றுவிட்டது என்பதும் எவருக்கும் தெரியவில்லை. வகுப்பறையில் சத்தமில்லை என்பதனாலேயே எல்லோரும் படிக்கிறார்கள் என்று தலைமையாசிரியர் நம்பிவிடலாமா? அவர்கள் அப்படித்தான் நம்பினார்கள். 3 மணிக்கு மேல் மூன்று பெருந்தடங்கள் தாழ்ந்து, வெட்டாமல் விட்ட மரங்களில் பட்டு, ஒன்றன்பின் ஒன்றாக அறுபட்டன. அண்டை நிறுவனத்தார் தொலைபேசியில் கேட்டபோதும், தம் திரையில் ஒன்றும் காணோம் என்றே விடை வந்தது. 4 மணி 13 நிமிடத்துக்குள் அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடி மக்கள் மின்சாரம் இழந்தனர். நியூயார்க்கில் சுரங்க ரயில்கள் நடுவழியில் நின்றன.

அதுவரை விருப்பத்தைப் பொறுத்திருந்த பாதுகாப்பு விதிகளை 2005 இல் அமெரிக்கச் சட்டம் கட்டாயமாக்கியது. மரம் வெட்டுவதும் அவ்விதிகளில் அடங்கும்.

எங்கும் இருண்டபின் நிலையங்களை ஒவ்வொன்றாக உயிர்ப்பிக்கும் வேளையில்தான் பேச்சு மிகுதியும் வேண்டும். அப்போதோ தொலைபேசிக்கே மின்சாரம் இராது. ஆகையால் பெரிய துணை மின்நிலையங்களில், செய்திக் கருவிகளுக்கென்றே தனியறையில் 48 வோல்ட் பாட்டரி வரிசையொன்று எந்நேரமும் நிரம்பிக் காத்திருக்கிறது.