ஒரு காது மட்டும் மங்கினால்...

கபால நரம்புகள் 12 இணைகள் என்று பத்தாம் வகுப்பில் கற்பிக்கிறோம். அவற்றுள் எட்டாவது இணை, கேட்டலுக்கும் உடல் சமநிலைக்கும் உரியது. இந்நரம்பின் மயலின் உறையை உருவாக்கும் ஷ்வான் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகினால் செவி நரம்புக் கட்டி தோன்றுகிறது. எனக்கு இடப்பக்கத்தில் இக்கட்டி இருக்கிறது. இது புற்றுநோய் அன்று. பிற உறுப்புகளுக்குப் பரவாது. பெரும்பாலும் மெதுவாகவே வளரும்.

அறிகுறிகள் எவை?

வகுப்பில் இடப்பக்க மாணவர்கள் பேசும் ஒலி எனக்குக் கேட்டது; ஆனால் சொற்கள் விளங்கவில்லை. கைப்பேசியை வலக்காதுக்கு மாற்றினால்தான் பேச்சு புரிந்தது. இடக்காதில் ஓயாத இரைச்சல்; நடக்கும்போது சிறு தள்ளாட்டம். இவையே இந்நோயின் பொதுவான அறிகுறிகள். கட்டி பெரிதானால் முகம் மரத்துப்போதல், தலைவலி ஆகியவையும் வரலாம்.

வயதாகிவிட்டது, வகுப்பறைச் சத்தம் அதிகம் என்று நாம் எளிதாகக் காரணம் சொல்லிக்கொள்வோம். ஆனால் வயதால் வரும் செவிக்குறைபாடு பொதுவாக இரு காதுகளையும் பாதிக்கும். எனவே ஒரு காது மட்டும் மங்கினால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரை அணுக வேண்டும். திடீரென்று கேட்காமல் போனால் அன்றே செல்ல வேண்டும். காதழுக்கு, நடுக்காதுத் தொற்று போன்ற எளிய காரணங்களும் இருக்கலாம். செவித்திறன் சோதனையில் இரு காதுகளுக்கும் வேறுபாடு தெரிந்தால், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கட்டியை உறுதிசெய்யும்.

சிகிச்சை என்ன?

வழிகள் மூன்று. சிறிய கட்டியை, குறிப்பிட்ட இடைவெளிகளில் ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தாலே போதுமானதாக இருக்கலாம். நான் இந்நிலையில்தான் இருக்கிறேன். இரண்டாவது, கட்டியின் மீது மட்டும் துல்லியமாகக் கதிர்வீச்சைச் செலுத்தி வளர்ச்சியைத் தடுப்பது. மூன்றாவது, அறுவை சிகிச்சை. முகத் தசைகளை இயக்கும் ஏழாவது நரம்பு அருகிலேயே செல்வதால் அறுவையில் மிகுந்த கவனம் தேவை. கட்டியின் அளவு, நோயாளியின் வயது, எஞ்சியுள்ள செவித்திறன் ஆகியவற்றைக் கொண்டு மருத்துவர் முடிவெடுப்பார். இழந்த செவித்திறன் பெரும்பாலும் திரும்புவதில்லை. எனவே விரைந்து கண்டறிதல் முக்கியம்.

வகுப்பறையில் செய்யத்தக்கது ஒன்று உண்டு. மாணவர்கள் என் வலப்பக்கம் அமையுமாறு நின்று பாடம் நடத்துகிறேன். எக்காரணத்தாலோ ஒரு காது கேளாத குழந்தை நம் வகுப்பில் இருந்தால், அதன் நல்ல காது நம்மை நோக்கியிருக்குமாறு முன்வரிசையில் அமர்த்துவோம்.